சமூகப் பணிக் கல்லூரியின் தாழ்ப்பாள்

பத்து நாற்காலிகள், வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. பத்திலும் பட்டம் பெற்ற இளைஞர்கள். நடுவே ஒரு தலைப்பு வீசப்படுகிறது—‘உலகமயமும் வறுமையும்’! பேச வேண்டும், 15 நிமிடம், ஆங்கிலத்திலே! பேசுகின்றனர். ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுகிறார். வெட்டியவரை வேறொருவர் மடக்குகிறார். உலக வங்கி வருகிறது, புள்ளிவிவரம் வருகிறது, மேலைநாட்டு அறிஞர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. விருந்தைப் பற்றிப் பேசுவோர் போல வாய் மணக்கப் பேசுகின்றனர், வறுமையைப் பற்றி! ஒன்பது பேர் பேசினர். ஒருத்தி பேசவில்லை. ‘பங்கு கொள்ளவில்லை, தலைமைப் பண்பு தென்படவில்லை’ என்று குறித்தனர், அனுப்பிவிட்டனர். அந்த வட்டத்திலே வறுமையைப் பற்றிப் பேசாதிருந்தவள் ஒருத்தி. வறுமையோடு வாழ்ந்தவளும் அந்த ஒருத்திதான்!

சமூகப் பணிக்கு ஆள் எடுத்த அழகு இது!

கற்பனையல்ல, தோழர்களே! நாம் ஆசிரியராகப் பணியாற்றும் ஊரிலே, கடைசித் தெருவிலே வாழும் பெண் அவள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒரு கல்லூரியிலே மட்டும் நடக்கிற கூத்தாக இருந்தால், கடிதம் ஒன்று எழுதி அனுப்பிவிட்டு வாளா இருந்திருப்போம். பல கல்லூரிகளின் வாசலிலே இதே தாழ்ப்பாள் தொங்குகிறது. ஆகவேதான் ஏட்டிலே எழுதுகிறோம்.

யார் அவள்? தமிழ் வழியிலே வரலாறு படித்து இளங்கலைப் பட்டம் பெற்றவள். தந்தை சந்தையிலே மூட்டை தூக்குகிறவர். பாட்டி மூன்றாண்டு படுத்த படுக்கை. இரண்டு மணிக்கு ஒருமுறை அந்த முதியவளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகிலே புண் விழாமல் காத்தவள் இந்தப் பெண். பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடிற்றே, பிள்ளைகள் எழுத்தையே மறந்தனரே, அந்த இழப்பை ஈடு செய்ய 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்றொரு திட்டத்தை அரசு தொடங்கிற்று. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலை வேளையிலே, அவரவர் தெருவிலேயே பாடம். சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதிலே பெயர் கொடுத்தாள் அவள். நூலகத் திண்ணையிலே இருபது பிள்ளைகளை உட்காரவைத்தாள்.

அந்த இருபதிலே சேர வேண்டிய ஒரு பையன் சேரவில்லை. நம் வகுப்புப் பையன், ஆறாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டிலே அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ‘தொடர்ந்து வராதவன்’ என்று எழுதினோம் நாம்! எழுதிவிட்டு அடுத்த பெயரை அழைத்தோம். பட்டம் பெற்றவர், பயிற்சி பெற்றவர், அரசிடம் ஊதியம் பெறுகிறவர்! ஆயிரம் ரூபாய் பெறுகிற அவளோ அவன் வீட்டுக்கு நடந்தாள். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் தாய் வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவளும் பக்கத்திலே உட்கார்ந்து உரித்தாள். பையனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை! கத்தரிக்காய் விலை, கால் வலி, ரேஷன் கடை—இவைதாம் பேச்சு. மூன்றாம் நாள், “உள்ளே வா கண்ணு” என்றாள் தாய். உள்ளே வந்தது உண்மையும் கூடவே! செங்கல் சூளையிலே தகப்பன் முன்பணம் வாங்கியிருக்கிறான். கடன் கழியக் குடும்பமே உழைக்கிறது. பையன் பச்சைக் கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது 1976-ஆம் ஆண்டு. சட்டத்தின் பெயர் அவளுக்கு அன்று தெரியாது. ஆனால் யாரிடம் போக வேண்டும் என்று நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரிந்தது. 1098 என்ற எண்ணுக்குப் பேசத் தெரிந்தது. கோட்டாட்சியருக்கு மனு எழுதத் தெரிந்தது. தான் கண்ணால் கண்டது எது, தாய் சொல்லக் கேட்டது எது என்று தனித்தனியே எழுதத் தெரிந்தது. எழுதிய தாளை நம்மிடம் காட்டினாள். பிழை திருத்தித் தருவோம் என்று பேனா எடுத்தோம். இரண்டு ஒற்றெழுத்தைத் தவிரத் திருத்த ஏதுமில்லை. பையன் இன்று படிக்கிறான். தகப்பனின் கணக்கு தீர மட்டும் அவள் இன்னும் பல நடை நடக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் அந்த 15 நிமிடத்திலே எந்த நிமிடத்திலே தெரிந்திருக்கும்? தெரிய வழியில்லை, ஏனென்றால் கேட்கவே இல்லை! வட்டத்திலே பேசினோருக்குத்தான் அடுத்து நேர்காணல். அவளுக்கு அந்த அறையின் கதவைக் கூடக் காட்டவில்லை.

‘சமூகப் பணி’ என்கிற படிப்பு எப்படிப்பட்டது? மற்றப் படிப்புகளைப் போல ஏட்டைப் புரட்டித் தேறி வருகிற படிப்பா? இல்லை என்று அந்தக் கல்லூரிகளே கூறுகின்றன. இரண்டாண்டு முதுகலை, வாரத்திலே இரண்டு நாள் களப்பணி என்பது பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். மருத்துவமனைக்குப் போ, குடிசைப் பகுதிக்குப் போ, சிறுவர் இல்லத்துக்குப் போ, கிராம முகாமுக்குப் போ என்று அனுப்புகிறார்கள். சரியான ஏற்பாடு, பாராட்டுகிறோம்! ஆனால், உள்ளே வந்த பிறகு களம், களம் என்று முழங்குகிற கல்லூரி, வாசலிலே மட்டும் களத்தை மறந்துவிடுவது ஏன்? நீந்தத் தெரியுமா என்று பார்க்க ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகாமல், நீச்சலைப் பற்றி ஆங்கிலத்திலே சொற்பொழிவு ஆற்றச் சொல்வது எந்த ஊர் முறை?

‘அனுபவம் உண்டா என்று கேட்கத்தான் கேட்கிறோம், சான்றிதழ் இருந்தால் மதிப்பெண்ணும் தருகிறோம்’ என்று பதில் வரும். வரட்டும்! சான்றிதழ் என்கிற சரக்கைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். மூன்று ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிலே குப்பை பொறுக்கினால் ஒரு சான்றிதழ். முதியோர் இல்லத்திலே பிறந்தநாள் கொண்டாடி, முதியவர் கையிலே இனிப்பைத் திணித்து, படம் எடுத்துக்கொண்டால் ஒரு சான்றிதழ். எல்லாம் பொய் என்று கூறவில்லை. மனமார உழைக்கும் இளைஞரும் அவர்களிடையே உண்டு. ஆனால் தாள் ஒன்றுதான். உழைத்தவன் கையிலும் அதுவே, படத்துக்கு நின்றவன் கையிலும் அதுவே! 2015-ஆம் ஆண்டு திசம்பரிலே சென்னை வெள்ளத்திலே மிதந்தது. தெருக்களிலே படகு தள்ளி வந்து மக்களைக் கரை சேர்த்தனர் மீனவ இளைஞர்கள். முத்திரை குத்திய தாள் எத்தனை பேரிடம் இருக்கும்? அவர்களிலே ஒருவன் பட்டம் பெற்று இந்த வாசலுக்கு வந்தால், ‘அனுபவச் சான்று இணைக்கப்படவில்லை’ என்று ஓரத்திலே எழுதி மடித்து வைப்பார்கள்.

இதிலே இன்னொரு கொடுமையும் உண்டு. ஊதியமின்றி உழைத்துக் காட்டு என்பது யாரால் முடியும்? வீட்டிலே உலை வைக்க வேறு ஆள் இருப்பவரால் முடியும். கல்லூரி முடிந்ததும் துணிக்கடையிலே நின்று வேலை செய்தால்தான் அன்றைய சோறு என்றிருப்பவள், எந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொண்டுக்குக் கொடுப்பாள்? அவளுக்கு ஞாயிறுதானே அதிக வேலை! கடைப் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம் சட்டம் செய்ததே 2021-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் நாள் முழுதும் கால் கடுக்க நின்று, நூறு புடவையைப் பிரித்துக் காட்டி, ஒன்றும் வாங்காமல் போகிறவரிடமும் முகம் சுளிக்காதிருந்த பெண்ணிடம் பொறுமை என்ற பயிற்சி குறைவா? வீட்டிலே மனநலம் குன்றிய அண்ணனைப் பார்த்துக்கொள்கிற தம்பி, குடிகாரத் தகப்பனிடமிருந்து தாயைக் காத்து நின்ற மகள், செவித்திறன் அற்ற பெற்றோருக்காக அலுவலகந்தோறும் பேசிய சிறுவன்—இவர்கள் பெற்றது அனுபவம் இல்லையா? ‘அது வீட்டு விஷயம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். மற்றவர் வீட்டு விஷயத்திலே நுழைந்து உதவக் கற்றுக்கொள்ளத்தானே ஐயா, அந்தப் படிப்பு!

இந்தத் துறை எங்கே, யாரால் பிறந்தது என்று பார்ப்போமா? அமெரிக்க நாட்டிலே மேரி ரிச்மண்ட் என்றொரு அம்மையார். அந்நாட்டிலே சமூகப் பணிக்குத் தொழில்முறை வகுத்தவர்களிலே முதல்வரிசையிலே வைக்கப்படுபவர். 1917-ஆம் ஆண்டு அவர் எழுதிய ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்ற நூல், ஒரு குடும்பத்தின் துன்பத்தை எப்படி விசாரிப்பது, எதை நம்புவது, எதை உறுதிப்படுத்திக்கொள்வது என்று கற்பித்தது. அவர் எந்தக் கல்லூரியிலே பட்டம் பெற்றவர்? எந்தக் கல்லூரியிலும் இல்லை! உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. எழுத்தராகவும் கணக்கெழுதுபவராகவும் பிழைத்தவர், 1889-இல் பால்டிமோர் நகரத்து அறநிலையம் ஒன்றிலே துணைப் பொருளாளராக நுழைந்தார். ஏழை வீடுகளுக்கு நேரிலே சென்று சென்று கற்றார். ஸ்மித் கல்லூரி அவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது 1921-இல்—துறையையே வடித்துக் கொடுத்த பிறகு! அந்த அம்மையார் இன்று விண்ணப்பத்தோடு வந்தால், நம் கல்லூரி வாசலிலே காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார்.

சிகாகோ நகரத்து ஜேன் ஆடம்ஸ் கல்லூரி கண்டவர்தாம். வசதி படைத்த வீட்டுப் பெண். 1889-இல் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து, குடியேறி வந்த ஏழைத் தொழிலாளர் நடுவே ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் திறந்து, அங்கேயே குடியிருந்தார். தெருவிலே குப்பை மலை, பிள்ளைகளுக்கு நோய். என்ன செய்தார்? கட்டுரை படித்தாரா? 1895-இல் அந்த வட்டாரத்துக் குப்பை மேற்பார்வையாளர் வேலையை ஏற்று, விடியற்காலையிலே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே போனார்! 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய கை, குப்பை வண்டிக்குக் கணக்கு எழுதிய கை.

நம் நாட்டுக்கு வருவோம். பம்பாயிலே 1936-இல் தொடங்கிய டாட்டா பள்ளிதான் இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்விக்கூடம். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்சார்ட் என்ற அமெரிக்கர், அதற்குப் பத்தாண்டு முன்பே, 1926-இல், நாக்பாடா என்ற உழைப்பாளர் பகுதியிலே அக்கம்பக்க இல்லம் அமைத்துப் பணியாற்றியவர். சென்னையிலே 1952-இல் சமூகப் பணிப் பள்ளி கண்ட மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரும், போர்க்காலத்திலே படைவீரருக்குத் தொண்டு நிறுவனம் நடத்திப் பழகிய பிறகே பள்ளி கண்டார். முதலிலே களம், பிறகு கூடம்! கட்டியவர்கள் வந்த வழி அது; அந்த வழியாக வருகிறவர்களுக்குத்தான் இன்று கதவில்லை.

பள்ளிக்கூடத்தையே காணாத தொண்டரும் நம்மிடையே உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1883-இல் பிறந்தவர். தேவதாசி முறை என்னும் இழிவைப் புத்தகத்திலே படித்தறிந்தவரல்லர். அந்த முறைக்குள்ளேயே தள்ளப்பட்டு, உதறி எழுந்தவர். ஊர் ஊராகப் போனார், எதிர்ப்பைத் தாங்கினார், தம் மக்களிடம் தம் மக்களின் மொழியிலே பேசினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். 1947-இல் சென்னை மாகாணத்திலே சட்டமும் வந்தது. சட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படிப்பு வேண்டியிருந்தது, உண்மை. அந்த வீடுகளுக்குள்ளே போய் அந்தப் பெண்களிடம் பேச, அம்மையாரின் வாழ்வு வேண்டியிருந்தது, அதுவும் உண்மைதானே? அவர் பெயராலேயே 2022-இல் அரசு ஒரு திட்டம் தொடங்கி, அரசுப் பள்ளியிலே படித்த பெண்கள் கல்லூரிக்குச் செல்ல மாதம் 1,000 ரூபாய் தந்தது. நம் கடைசித் தெருப் பெண்ணின் தங்கை அதனால்தான் கல்லூரிக்குப் போனாள். அம்மையார் பெயரால் பட்டம் வரை வந்தவர்களை, அம்மையார் செய்த பணிக்கே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பலாமா?

‘ஆங்கிலம் வேண்டாம் என்கிறீரா? நூல்களெல்லாம் ஆங்கிலத்திலே இருக்கின்றனவே’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆங்கிலம் வேண்டும்; படிக்கட்டும். இரண்டாண்டு உள்ளே வைத்திருக்கிறீர்களே, முதல் பருவத்திலே கற்பியுங்கள்! கற்பிக்கக்கூடியதை வாசலிலே அளந்து விரட்டுகிறீர்கள். கற்பிக்க அரியதை வாசலிலே கேட்கவும் மறுக்கிறீர்கள். இதுதான் நம் வழக்கு. ‘ராப்போ’ என்றொரு சொல்லை எழுதிப்போட்டு, மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று பல நாள் வகுப்பெடுக்கிறார்களாம். வெங்காயம் உரித்தவளுக்கு அந்தச் சொல் தெரியாது. சொல் தெரிந்த ஒன்பது பேரிலே எத்தனை பேர் தரையிலே உட்கார்ந்து உரித்திருப்பார்கள்?

இங்கிலாந்து நாட்டைப் பார்த்தும் கற்கலாம், மனமிருந்தால்! 2019 முதல் ‘சோஷியல் ஒர்க் இங்கிலாந்து’ என்ற அமைப்பு அங்கே சமூகப் பணிக் கல்விக்கு விதி வகுத்துக் கண்காணிக்கிறது. மாணவரைச் சேர்க்கும்போது அவரது முன் அனுபவத்தைக் கணக்கிலே கொள்ள வேண்டும் என்பது அதன் விதிகளிலே ஒன்று. இன்னொன்று நம்மவரைத் திடுக்கிட வைக்கும்: சமூகப் பணியின் உதவியைத் தம் வாழ்விலே பெற்று அனுபவித்தவர்களும் சேர்க்கையிலே பங்கு பெற வேண்டுமாம்! அநாதை இல்லத்திலே வளர்ந்தவர், மனநோயிலிருந்து மீண்டவர், ஊனமுற்ற பிள்ளையின் தாய்—இவர்கள் மாணவரைத் தேர்ந்தெடுப்பதிலே குரல் கொடுக்கிறார்கள். ‘இந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பேனா’ என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

‘பார்த்தீரா! அங்கேயும் ஆங்கிலத் திறன் கேட்கிறார்களே’ என்று துள்ளிக் குதிப்பார் சிலர். கேட்கிறார்கள், ஆம்! ஏன் கேட்கிறார்கள்? அங்கே துன்பப்படும் மக்கள் பேசுவது ஆங்கிலம்! மக்களின் மொழி வராதவன் மக்கள் பணிக்கு வராதே என்பது அந்த விதியின் உயிர். அந்த விதியை நேர்மையாக நம் ஊருக்குக் கொண்டு வந்தால் எதைக் கேட்க வேண்டும்? தமிழைக் கேட்க வேண்டும். கிழவியின் புலம்பலைக் கேட்டு எழுதத் தெரியுமா, மனுவைக் கிழவிக்குப் படித்துக் காட்டி விளக்கத் தெரியுமா, மலைக் கிராமத்துப் பேச்சும் மீனவக் குப்பத்துப் பேச்சும் புரியுமா என்று கேட்க வேண்டும். விதியின் உடலை இறக்குமதி செய்துவிட்டு உயிரைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் நம்மவர்.

சரி, வாசலிலே எதைத்தான் பார்ப்பது? நமக்குத் தெரிந்ததைக் கூறுகிறோம். அரைமணி நேரம் ஒருவர் பேசக் கேட்கச் சொல்லுங்கள், குறுக்கே அறிவுரை கூறாமல்! நம் நாட்டிலே படித்தவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை. கேட்டு முடித்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவனைப் பற்றி நீதிக் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை எழுதுகிறார்களே, 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த அறிக்கையிலே ‘பையன் முரடன்’ என்று ஒருவர் எழுதுகிறார், ‘அண்டை வீட்டார் இருவர் அவனை முரடன் என்றனர், நான் கண்ட ஒரு மணி நேரத்திலே அவன் தங்கைக்குச் சோறு ஊட்டினான்’ என்று இன்னொருவர் எழுதுகிறார். யார் பேனாவிலே பையனின் எதிர்காலம் பாதுகாப்பாக இருக்கும்? முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பச் சொல்லுங்கள். நான்கு மாதம் இழுத்தடித்த அலுவலகத்துக்கு ஐந்தாம் முறை போக நேர்ந்தால் என்ன பேசுவீர் என்று கேளுங்கள்.

கேட்கத் துணிவிருந்தால் இதையும் கேளுங்கள்: சேரியிலே ஒரு வீட்டிலே தண்ணீர் கொடுத்தால் குடிப்பாயா? ‘குடிப்பேன்’ என்று எல்லாரும் சொல்வார்கள். ஆகவே சொல்லக் கேட்காதீர்கள், கடைசியாகக் குடித்தது எப்போது, யார் வீட்டிலே என்று கேளுங்கள்! நமது சக ஆசிரியர் ஒருவர் சமத்துவத்தைப் பற்றி அருமையாகப் பாடம் நடத்துவார். பெற்றோரைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போகும்போது வீட்டிலிருந்தே புட்டியிலே தண்ணீர் கொண்டு போவார். கேட்டால், உடல்நலம் என்பார். இப்படிப்பட்டவர் சமூகப் பணிக்கு வந்தால், அவரைத் திருத்துவதற்கே ஒரு சமூகப் பணியாளர் தேவைப்படும்.

இனி, நம் பக்கத்திலே நின்று கைதட்டுகிற சிலரோடும் ஒரு சண்டை இருக்கிறது. ‘அனுபவம் இருந்தால் போதும், கல்லூரி எதற்கு? பட்டமெல்லாம் வெட்டி’ என்கிறார்கள் அவர்கள். ஒப்பமாட்டோம்! பட்டம் பெறாத மேரி ரிச்மண்ட்தான் 1897-இல் மேடையேறி, தொண்டு செய்வோருக்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கிலே கோடைக்காலப் பள்ளி தொடங்கிற்று. நல்லெண்ணம் மட்டும் கொண்டவர் செய்கிற தீங்கை அவர் கண்ணால் பார்த்திருந்தார். நாமும் பார்த்தோம்.

அதே நூலகத் திண்ணையிலே, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் மாலை எல்லாரும் போன பிறகு நின்றாள். “அக்கா, ஒன்று சொல்வேன், யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தியம் செய்” என்றாள். நம் பெண் சத்தியம் செய்தாள்! அதன் பிறகு கேட்ட செய்தி, வைகாசியிலே அந்தச் சிறுமிக்குத் திருமணம் என்பது, மாப்பிள்ளை தாய்மாமன். என்ன செய்வது? சத்தியத்தைக் காத்தால் சிறுமி போனாள்; சிறுமியைக் காத்தால் சத்தியம் போயிற்று. இரண்டு இரவு உறங்கவில்லை. மூன்றாம் நாள் 1098-க்குப் பேசினாள். அலுவலர் வந்தனர், திருமணம் நின்றது. சிறுமி அதன்பின் அந்தத் திண்ணைக்கு வரவில்லை. தெருவிலே எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆறு மாதம்! “எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் ஏன் சார் சத்தியம் செய்தேன்? வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?” என்று நம்மிடம் கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண்மணியிடம் விசாரித்தோம். ‘கேட்பதற்கு முன்பே, உனக்கு ஆபத்து என்றால் நான் சிலரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் யாரிடம் சொல்கிறேன் என்பதை உன்னிடம் முதலிலே சொல்வேன் என்று கூறிவிட வேண்டும்’ என்றார் அவர். இரண்டே வரி! அந்த இரண்டு வரி தெரியாததால் ஒரு சிறுமி, தன்னைக் காத்தவளையே துரோகி என்று எண்ணினாள்.

அந்த இரண்டு வரியைக் கற்கத்தான் அவள் கல்லூரி வாசலுக்குப் போனாள். அனுபவம் கேள்வியைத் தந்தது. விடைக்குப் பயிற்சி வேண்டும் என்று தானே உணர்ந்து வந்தவள்! ஒன்பது பேரிலே எவருக்காவது அப்படியொரு கேள்வி இருந்ததா என்று அறியோம். இருந்ததா என்று கேட்டறிய வேண்டியவர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரம் முடிந்தது” என்றனர்.

மாற்ற முடியாததா இது? நாடாளுமன்றம் கூட வேண்டுமா? வேண்டாம். வழக்கறிஞருக்குக் கவுன்சில் உண்டு, செவிலியருக்குக் கவுன்சில் உண்டு. சமூகப் பணிக் கல்வி முழுமைக்கும் அப்படியொரு சட்டபூர்வக் கவுன்சில் இந்தியாவிலே இல்லை. மருத்துவம் சார்ந்த சமூகப் பணியாளரை மட்டும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தன் பட்டியலிலே சேர்த்தது. கவுன்சில் இல்லாதது குறை என்று கல்லூரிகள் பல்லாண்டாகப் புலம்புகின்றன. ஆனால் அதிலே ஒரு வசதியும் இருக்கிறதே! தேர்வுக் குழுவிலே யார் உட்காருவது, எந்த மொழியிலே கேட்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பவற்றிலே பெரும்பகுதி கல்லூரியின் கையிலேயே இருக்கிறது. ஆசிரியர்கள் ஒரு பிற்பகல் கூடினால் போதும். தமிழிலே பேச விரும்புவோர் தமிழிலே பேசலாம் என்று ஒரு வரி. வீட்டிலே நோயாளியைப் பேணியதும், கூலிக்கு உழைத்ததும் அனுபவமே என்று ஒரு வரி. தேர்வுக் குழுவிலே, பணியாளரின் உதவியைப் பெற்ற ஒருவருக்கு நாற்காலி. களப்பணிக்குப் போக வழிச்செலவு. ஏனெனில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலே பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்றாலும், தொலைவிலுள்ள கிராமத்துக்கு அந்தப் பேருந்து போகாது. ஏழை வீட்டுப் பையனுக்கோ அதுவும் இல்லை. இவ்வளவுதான் கேட்கிறோம்!

இந்த ஆண்டும் விண்ணப்பிக்கிறாள் அவள், வேறொரு கல்லூரிக்கு. படிவம் நம் மேசைமேல் கிடக்கிறது. பெயர், பிறந்த நாள், மதிப்பெண், ஆங்கிலத் தேர்ச்சி—எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இடம். ‘அனுபவம், ஏதேனும் இருப்பின்’ என்ற இடத்திலே இரண்டு கோடுகள். பாட்டியின் முதுகை எழுதுவதா, சூளைப் பையனை எழுதுவதா, முகம் திருப்பிக்கொண்ட சிறுமியை எழுதுவதா என்று கேட்கிறாள். தனித்தாளிலே எல்லாவற்றையும் எழுது என்றோம், தமிழிலே. நான்கு பக்கம் வந்திருக்கிறது. படிவத்தோடு தைத்து அனுப்புகிறோம்.